நேற்றைய தோல்விக்கு இன்றைய பட்டியல்



ஐஸ் ஹாக்கிக்குத் தேசிய அணியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் இன்றைக்கு என் தலைப்பு. வெயில் இப்படிக் கொளுத்தும்போது இந்தத் தலைப்பு தேவையா என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆனால் அணித் தேர்வு பற்றிய சண்டை நமக்குப் புதிதல்ல. உலகக் கோப்பைக்கான கிரிக்கெட் பட்டியல் வந்த மறுநாள் காலை டீக்கடையில் நிற்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு மாற்றுப் பட்டியல் இருக்கும். கனடாவில் பனி உறைந்த டிசம்பர் மாதத்தில் அதே சண்டை ஹாக்கிக்காக நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர். பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு, அதற்குப் 'பக்' என்று பெயர். ஸ்கேட்டிங் வேகத்தில் யாராலும் முழு ஆட்டமும் தாக்குப்பிடிக்க முடியாது. முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஆடிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள், அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும். முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேராக இறங்குவார்கள், தடுப்பாட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராக. ஆகவே தேர்வாளர் தேடுவது நல்ல ஆட்டக்காரர்களை மட்டுமல்ல. சேர்ந்து ஆடத் தெரிந்த மூவர்களையும் இருவர்களையும் தேடுகிறார். தன் அணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கும் 2 நிமிடம் எதிரியை கோல் போடவிடாமல் தடுக்க மட்டுமே தெரிந்த ஆளும் அவருக்கு வேண்டும். சண்டையெல்லாம் இந்த ஆளைப் பற்றித்தான்.

1998 பிப்ரவரி 20-ஆம் தேதிக்கு வருகிறேன். இடம் ஜப்பானின் நகானோ, குளிர்கால ஒலிம்பிக் அரையிறுதி, கனடாவும் செக் குடியரசும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.எச்.எல்., தன் தொழில்முறை வீரர்களை ஒலிம்பிக்கிற்கு அனுப்பியது அதுதான் முதல் முறை. கனடாக்காரர்கள் தங்கப் பதக்கத்தை ஏறக்குறைய வீட்டுக்கே எடுத்துச் சென்றுவிட்ட மனநிலையில் இருந்தார்கள். செக் அணி ஒரு கோல் முந்தியிருந்தது. முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது டிரெவர் லிண்டன் அதைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. பக்கத்துக்கு 5 பேர் வீதம் ஷூட்டவுட். செக் தரப்பில் முதலில் வந்த ராபர்ட் ரைக்கல் போட்டுவிட்டார். கனடாவுக்காக ஃப்ளூரி, போர்க், நியூவென்டைக், லிண்ட்ராஸ், ஷனகன் என்று ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். எதிரே கோலில் டொமினிக் ஹாஷெக். ஐந்தும் வீண்.

என்.எச்.எல். வரலாற்றில் அதுவரை அதிக கோல் போட்டிருந்தவர் அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெய்ன் கிரெட்ஸ்கி. பயிற்சியாளர் மார்க் கிராஃபர்ட் அவரை அனுப்பவில்லை, ஒரு தடுப்பாட்டக்காரரை அனுப்பினார். கனடாவில் அந்த ஐந்து பெயர்களைப் பற்றிய வாக்குவாதம் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை.

எனக்கு அந்த ஐந்து பெயரைவிட, அதற்கு மூன்று மாதம் முன்பு போட்ட 23 பெயர்கள்தான் சுவாரசியம். அதில் மார்க் மெஸ்ஸியே இல்லை. என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்றவர், தலைவன் என்றால் இவர்தான் என்று நாடே கொண்டாடியவர். அதே பட்டியலில் டாம்பாவில் ஆடிய ராப் ஜமூனர் இருந்தார். நல்ல உழைப்பாளி, எதிரியை ஒட்டிக்கொண்டு தடுப்பதில் கெட்டிக்காரர், ஆனால் அவர் பெயரைப் பட்டியலில் பார்த்த பலர் "யார் இவர்?" என்றுதான் கேட்டார்கள். பட்டியலைப் போட்ட பொறுப்பாளர் பாபி கிளார்க். அவர் ஏன் அப்படி யோசித்தார் என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு காலத்தில் கனடாவில் தேர்வு என்ற பேச்சே இல்லை. அமெச்சூர் அணிகளுக்கான ஆலன் கோப்பையை எந்த கிளப் வெல்கிறதோ அதையே பெட்டி படுக்கையோடு ஒலிம்பிக்குக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். 1920-இல் ஆன்ட்வெர்ப்புக்குப் போன வின்னிபெக் ஃபால்கன்ஸ் அணியில் ஒருவரைத் தவிர எல்லாரும் ஐஸ்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். ஊரின் பெரிய லீகில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள்தான் நாட்டுக்கு முதல் ஹாக்கித் தங்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1952-இல் ஆஸ்லோவில் தங்கம் வென்ற எட்மன்டன் மெர்க்குரிஸ், ஒரு கார் விற்பனையாளரின் செலவில் நடந்த அணி. அதற்குப் பிறகு 50 ஆண்டுகள் கனடாவுக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை.

எதிரே வந்து நின்றது சோவியத் யூனியன். பணம் வாங்கி ஆடுகிறவர்கள் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. கனடாவின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் பணம் வாங்குகிறவர்கள். சோவியத் ஆட்டக்காரர்களோ காகிதத்தில் ராணுவ அதிகாரிகள். மாஸ்கோவின் ராணுவ கிளப்பான சி.எஸ்.கே.ஏ.வின் பயிற்சியாளர் விக்டர் திகோனவ்தான் 1977 முதல் தேசிய அணிக்கும் பயிற்சியாளர். நல்ல பையன் ஒருவன் வேறு கிளப்பில் இருந்தால் கட்டாய ராணுவ சேவைக்கு ஓலை போகும், வேலை முடிந்தது. ஃபெட்டிசவ், கசடோனவ், க்ருடோவ், லாரியோனவ், மகாரவ் ஆகிய ஐவரும் ஆண்டில் பதினோரு மாதம் ஒரே முகாமில் அடைந்து கிடந்து, கண்ணை மூடிக்கொண்டும் பக்கைக் கைமாற்றும் அளவுக்குப் பழகினார்கள். அந்த வீரர்களின் குடும்பங்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டுப் பார்த்தால், தேர்வாளருக்கு அது சொர்க்கம்.

1972 செப்டம்பரில் கனடா முதன்முறையாகத் தன் தொழில்முறை வீரர்களை சோவியத் அணியோடு மோதவிட்டது. எட்டு ஆட்டங்கள், முதல் நான்கு கனடாவில், பின் நான்கு மாஸ்கோவில். பயிற்சியாளர் ஹாரி சிண்டன் 35 பேரை முகாமுக்கு அழைத்தார். எல்லாருக்கும் ஒரு ஆட்டமாவது தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். விருந்துக்கு அழைப்பதுபோல் அணிக்கு அழைத்தால் என்ன ஆகும்? ஆட வாய்ப்புப் போதவில்லை என்று நான்கு பேர் தொடரின் நடுவிலேயே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்த 35-இல் பாபி ஹல் கிடையாது. உலகிலேயே வேகமாகப் பக்கை அடிப்பவர் என்று பெயரெடுத்தவர். செய்த குற்றம், அந்தக் கோடையில் போட்டி லீகான டபிள்யூ.எச்.ஏ.வுக்குத் தாவியது. என்.எச்.எல். முதலாளிகள் தங்கள் ஒப்பந்தத்தில் இல்லாதவர் ஆடக்கூடாது என்று நின்றார்கள். பிரதமர் பியர் ட்ரூடோவே தலையிட்டுக் கேட்டார். அசையவில்லை. பிரதமர் சிபாரிசு செய்தும் கிடைக்காத இடம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது பாருங்கள்.

உளவு பார்க்க மாஸ்கோ போன கனடாக்காரர்கள், விளாடிஸ்லாவ் ட்ரெட்டியாக் என்ற இளம் கோல்கீப்பர் ஒரு ஆட்டத்தில் 8 கோல் விட்டதைப் பார்த்துவிட்டு வந்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மறுநாள் அவருக்குக் கல்யாணம் என்பது இவர்களுக்குத் தெரியாது. மான்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்தில் கனடா 7-3 என்று தோற்றது. தொடரைக் காப்பாற்றியது நட்சத்திரங்கள் மட்டுமல்ல. டொரன்டோவின் பால் ஹென்டர்சன், ரான் எல்லிஸ் என்ற இருவரோடு ஒரு பொடியனைச் சேர்த்து முகாமில் ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு மூவர் அணி போட்டிருந்தார்கள். கடைசி மூன்று ஆட்டங்களிலும் வெற்றி கோலைப் போட்டவர் ஹென்டர்சன். எட்டாவது ஆட்டத்தில் அது விழுந்தபோது 34 விநாடிதான் மிச்சம். மூவரில் மூன்றாமவரான அந்தப் பொடியனுக்கு அப்போது 23 வயது, நீரிழிவு நோயாளி, முகாமுக்குக் கடைசியாகச் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர். அவர்தான் பாபி கிளார்க்.

அதே கிளார்க் 1998-இல் பட்டியல் போடும் நாற்காலியில் உட்கார்ந்தபோது, பெயர் பெற்றவர்களைவிட வேலை தெரிந்தவர்கள் மேல் கண் போனதில் ஆச்சரியமில்லை. இன்னொரு காரணமும் இருந்தது என்பது என் கணிப்பு. 1996-இல் நடந்த உலகக் கோப்பை இறுதியில் கனடா அமெரிக்காவிடம் தோற்றிருந்தது. மான்ட்ரியலில் மூன்றாவது ஆட்டம், முடிய மூன்றே சொச்சம் நிமிடம் இருக்கிறது, கனடா 2-1 என்று முன்னிலை. அமெரிக்கா சமன் செய்தது, அடுத்த நிமிடத்துக்குள் முந்தியது, 5-2 என்று முடித்தது. முதுமை தட்டிய தலைமை என்ற பேச்சு அன்று எழுந்தது, மெஸ்ஸியே அந்த அணியில் இருந்தவர். ஆகவே 1998-இல் இளைஞரான லிண்ட்ராஸ் கேப்டன், மெஸ்ஸியே வெளியே, தடுக்கத் தெரிந்தவர்கள் உள்ளே. அதன்படி தடுப்பாட்டத்தில் குறையும் வைக்கவில்லை. அரையிறுதியில் ஒரே ஒரு கோல்தான் விட்டார்கள். ஆனால் 70 நிமிடத்தில் தாங்கள் போட்டதும் ஒன்றே ஒன்றுதான்.

அந்த 1996 ஆட்டத்தில் சமன் செய்த கோலை அடித்தவர் யார் தெரியுமா? பிரெட் ஹல். பாபி ஹல்லின் மகன், கனடாவின் ஆன்டாரியோவில் பிறந்தவர். தாய் அமெரிக்கர் என்பதால் இரண்டு நாட்டுக்கும் உரிமையுள்ளவர். 1986-இல் இளைஞராக இருந்தபோது கனடா அவரைக் கூப்பிடவில்லை, அமெரிக்கா கூப்பிட்டது, போனார். ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டால் நாடு மாறுவது லேசில் நடக்காது. 72-இல் அப்பாவை ஒதுக்கினார்கள், 86-இல் மகனைக் கவனிக்காமல் விட்டார்கள், 96-இல் வட்டியோடு வந்தது.

இந்த இடத்தில் ஹெர்ப் புரூக்ஸைச் சொல்லாமல் போனால் பேச்சு நிறையாது. 1980 ஒலிம்பிக்கில், லேக் பிளாசிடில் கல்லூரிப் பையன்களை வைத்து சோவியத் அணியை 4-3 என்று வீழ்த்திய அமெரிக்கப் பயிற்சியாளர். அவர் தோற்றுத் திருந்தியவர் இல்லை, வெட்டுப்பட்டவர். 1960 ஒலிம்பிக் அமெரிக்க அணியில் அவரும் இருந்தார். போட்டி தொடங்கும் நேரத்தில் பில் கிளியரி என்ற நல்ல ஆட்டக்காரர், என் தம்பியையும் சேர்த்தால் வருகிறேன் என்றார். தம்பிக்கு இடம் வேண்டுமே, கடைசி ஆளாகப் புரூக்ஸ் கழிக்கப்பட்டார். அந்த அணி தங்கம் வென்றதை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தார்.

1979 ஜூலையில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் எழுபதுக்குக் கொஞ்சம் குறைவான பேரை வைத்துத் தேர்வு நடத்தினார். முந்நூறு கேள்வி கொண்ட உளவியல் தாளைக் கையில் கொடுத்தார். 26 பேரை எடுத்து, ஒலிம்பிக்குக்கு முன் ஆறு மாதத்தில் அறுபது ஆட்டம் ஆடவைத்தார். ஊர் ஊராகச் சுற்றினார்கள். சோவியத்தோடு போட்டி போடுவதற்கு சோவியத் வழியே வழி என்று அவர் முடிவு செய்திருந்தார், வேகம், பக்கைக் கைமாற்றுவது, நீண்ட நாள் ஒன்றாகக் கிடப்பது. கிளம்பும் தருவாயில் புதிதாகச் சிலரை உள்ளே கொண்டுவரப் பார்த்தபோது பையன்கள் நேராக அவரிடமே போய், இத்தனை மாதம் ஒன்றாக அடிபட்டவர்கள் நாங்கள்தான், எங்களிலிருந்தே 20 பேரை எடுங்கள் என்றார்கள். அவர் இறங்கிவந்தார். என்னைக் கேட்டால் அந்த அணியைத் தேர்ந்தெடுத்த நாள் அதுதான். பிப்ரவரி 9-இல் நியூயார்க்கில் சோவியத்திடம் 10-3 என்று உதை வாங்கினார்கள். ஜாக் ஓகேலகனுக்கு முட்டி போயிற்று. வேறு ஆளைப் போடலாம் என்றிருந்தும் புரூக்ஸ் அவரைக் கழிக்கவில்லை. கடைசியாகக் கழிக்கப்பட்டவர் ரால்ஃப் காக்ஸ். புரூக்ஸுக்கு அதைச் சொல்லும் வேலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், சொல்லப்பட்டவராக அந்த அறையில் இருந்தவர் அல்லவா.

மறுபடி கனடாவுக்கு வருவோம். 2002-இல் பொறுப்பு கிரெட்ஸ்கியிடமே வந்தது. ஏறக்குறைய ஓராண்டு முன்பே 8 பெயரை அறிவித்தார், மரியோ லெமியூ தலைமையில். சால்ட் லேக் சிட்டியில் முதல் ஆட்டத்திலேயே சுவீடனிடம் 5-2 என்று தோற்றார்கள். கோல்கீப்பரை மாற்றினார்கள், இறுதியில் அமெரிக்காவை அதே 5-2 கணக்கில் வென்றார்கள். ஐம்பதாண்டுப் பசி தீர்ந்தது.

தேர்வாளருக்குத் தோல்வியைவிட ஆபத்தானது அப்படி ஒரு வெற்றி. 2006 டூரினுக்கும் கிரெட்ஸ்கிதான். வென்று கொடுத்தவர்களை எப்படி விடுவது? அந்த ஆண்டு 18 வயது சிட்னி கிராஸ்பி என்.எச்.எல்.லில் தன் முதல் பருவத்தை ஆடிக்கொண்டிருந்தார், பருவம் முடிவதற்குள் கோலும் உதவியும் சேர்த்து 102 புள்ளி எடுத்தார். பட்டியலில் இல்லை. அதே ஆண்டு அறிமுகமான ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஒவெச்கினுக்கு 20 வயது. காலிறுதியில் ரஷ்யா 2-0 என்று கனடாவை வீட்டுக்கு அனுப்பியபோது முதல் கோல் ஒவெச்கினுடையது. ஆறு ஆட்டத்தில் மூன்றில் கனடா ஒரு கோல்கூடப் போடவில்லை. அந்த மூன்றில் ஒன்று சுவிட்சர்லாந்தோடு. சுவிஸ் அணியின் இரண்டு கோலையும் போட்டவர் பால் டிபியட்ரோ, ஆன்டாரியோவில் பிறந்து சுவிஸ் குடிமகனானவர். ஆன்டாரியோ தன் பிள்ளைகளை அக்கம்பக்கத்துக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்திருக்கிறது.

அடுத்த இரண்டு முறையும் பொறுப்பு ஸ்டீவ் ஐசர்மனுக்கு. அவர் பட்டியல்களைப் பார்த்தால் டூரின் எவ்வளவு வலித்தது என்று தெரியும். 2010 வான்கூவருக்கு 20 வயது டிரூ டௌட்டியைத் தடுப்பில் எடுத்தார். லீகிலேயே அதிகப் புள்ளி எடுக்கும் தடுப்பாட்டக்காரர் மைக் கிரீனை விட்டுவிட்டார். தனித்தனியாக ஆள் பொறுக்காமல், கிளப்பில் ஏற்கெனவே ஒன்றாக ஆடுகிறவர்களைக் கொத்தாக எடுத்தார். சான் ஹோசேயிலிருந்து முழு மூவர் அணி, சிகாகோவிலிருந்து கீத், சீப்ரூக் ஜோடி. இரண்டு வாரப் போட்டியில் பழகிக்கொள்ள நேரம் ஏது? இறுதியில் கூடுதல் நேரத்தில் கிராஸ்பி போட்ட கோலில் தங்கம்.

2014 சோச்சியில் மைதானம் 30 மீட்டர் அகலம். வட அமெரிக்க மைதானம் 26 மீட்டர்தான். அந்த நான்கு மீட்டருக்காகவே ஓடத் தெரிந்தவர்களை எடுத்தார்கள். பயிற்சியாளர் மைக் பாப்காக் ஒவ்வொரு தடுப்பு ஜோடியிலும் ஒருவர் இடதுகை மட்டை, ஒருவர் வலதுகை மட்டை என்று பிடிவாதமாக இருந்தார். பலகை ஓரம் வரும் பக்கை மட்டையின் முன்பக்கத்தால் ஒரே அசைவில் எடுத்து வெளியே தள்ள வேண்டும், திரும்பி நின்று எடுத்தால் அரை விநாடி போச்சு. அந்த அரை விநாடிக்காக இன்னும் புகழ்பெற்ற இடதுகைக்காரர்கள் வீட்டில் இருந்தார்கள். முந்தைய ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் பி.கே. சுபன் சோச்சிக்குப் போயும் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். ஆறு ஆட்டத்தில் கனடா விட்ட கோல் மொத்தம் மூன்று. அரையிறுதி 1-0, இறுதி 3-0. பார்க்கச் சுவையாக இருந்ததா என்றால், எனக்கு இல்லை. ஆனால் மூச்சுவிட இடம் கொடுக்காத அணி.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஐசர்மனின் அப்போதைய அன்றாட வேலை டாம்பா அணியின் மேலாளர் பதவி. அந்த அணியின் கேப்டன் மார்ட்டின் சான் லூயி, முந்தைய பருவத்தில் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். 2010-இலும் இல்லை, இப்போதும் பட்டியலில் இல்லை. சக வீரர் ஸ்டாம்கோஸின் கால் முறிவு ஆறாததால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, தங்கமும் வாங்கினார். அப்படியும் மனக்காயம் ஆறவில்லை, மார்ச் முதல் வாரம் டாம்பாவை விட்டே நியூயார்க்குக்குப் போய்விட்டார். தினமும் முகம் பார்க்கும் மேலாளரே உன்னை வேண்டாம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? கிளப் மேலாளர்களையே தேசியத் தேர்வாளராகப் போடுவது நல்ல ஏற்பாடு அல்ல என்பது என் கருத்து.

அதே ஆண்டு அமெரிக்கர்கள் ஒரு விசித்திரம் செய்தார்கள். இரண்டு பத்திரிகையாளர்களைத் தேர்வுக் கூட்டங்களுக்குள் உட்காரவைத்து, பட்டியல் வந்தபின் எழுத அனுமதித்தார்கள். தேர்வுக் குழுவில் டேவிட் பொய்ல் தலைவர், பிரையன் பர்க் முக்கிய உறுப்பினர். கடைசி இடத்துக்கு பாபி ரயன் பெயர் வந்தது. தொடர்ந்து நான்கு பருவம் முப்பதுக்கு மேல் கோல் போட்டவர். அவருக்கு ஆட்டத்தில் தீவிரம் கிடையாது, அந்தச் சொல்லே அவர் அகராதியில் இல்லை என்கிற மாதிரி பர்க் சொன்னது அச்சில் வந்துவிட்டது. ரயனை இளைஞராக லீகுக்குத் தேர்ந்தெடுத்தவரே பர்க்தான் என்பது கூடுதல் வேடிக்கை. மூடிய கதவுக்குள் எல்லாக் குழுவும் இப்படித்தான் பேசும். வாசகனாக எனக்கு அது விருந்து, ரயனின் இடத்தில் இருந்திருந்தால் கதவைத் திறந்தவர்களை மன்னித்திருக்க மாட்டேன்.

உள்ளே வந்தவர்களில் ஒருவர் டி.ஜே. ஓஷி. ஷூட்டவுட்டில் கைதேர்ந்தவர் என்பது அவருக்குச் சாதகமான முக்கியக் காரணம். அன்றைய சர்வதேச விதிப்படி முதல் மூன்று பேருக்குப் பின் ஒரே ஆளையே திரும்பத் திரும்ப அனுப்பலாம். ரஷ்யாவோடு நடந்த ஆட்டத்தில் அப்படியே ஆயிற்று. ஓஷி ஆறு முறை போனார், நான்கு போட்டார், சோச்சி மைதானமே வாயடைத்துப் போயிற்று. ஒரு விதியைப் படித்துவிட்டு அதற்கென்றே ஓர் ஆளை எடுத்து, அது பலித்த கணம். தேர்வாளர் வாழ்க்கையில் இப்படி ஒருமுறைதான் வரும்.

ஆனால் அதன்பின் அரையிறுதியில் கனடாவிடம் 1-0, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பின்லாந்திடம் 5-0. கடைசி இரண்டு ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு ஒரு கோல்கூட இல்லை. ரயன் இருந்திருந்தால் போட்டிருப்பாரா? ஹாஷெக் முன்னால் கிரெட்ஸ்கி போட்டிருப்பாரா என்பது மாதிரிதான். இல்லாதவர் எப்போதும் கோல் போடுவார்.

இரண்டு ஆண்டு கழித்து 2016-இல் டொரன்டோவில் உலகக் கோப்பை. கோல் வரவில்லை என்பதால் அமெரிக்கர்கள் கோல் போடுகிறவர்களைத் தேடுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? டீன் லொம்பார்டி பட்டியல் போட்டார், ஜான் டோர்டொரெல்லா பயிற்சியாளர். அவர்கள் மனத்தில் இருந்தது கனடாவிடம் தோற்றது மட்டும். கனடாவை முட்டி மோதி நிறுத்தக்கூடிய முரட்டு அணியாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். சோச்சியில் போட்டியின் சிறந்த முன்கள வீரர் விருது வாங்கிய ஃபில் கெஸல், அந்தக் கோடையில்தான் பிட்ஸ்பர்க்கோடு ஸ்டான்லி கோப்பையும் வென்றவர், விடப்பட்டார். பிறகு அவர் கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எடுத்திருந்தாலும் ஆடியிருப்பாரா என்பது சந்தேகமே. அமெரிக்கா மூன்று ஆட்டம் ஆடியது, மூன்றிலும் தோல்வி. முதல் அடி கனடாவிடமிருந்து வரவேயில்லை. தனி அணி இல்லாத ஐரோப்பிய நாடுகளிலிருந்து ஆள் சேர்த்து அமைத்த 'டீம் யூரோப்' 3-0 என்று அடித்தது. கனடாவிடம் 4-2 என்று தோற்று வெளியேறிய இரவு கெஸல் ட்விட்டரில் எழுதினார்: வீட்டில் நாயோடு சும்மா உட்கார்ந்திருக்கிறாராம், ஏதோ முக்கியமான வேலை செய்ய வேண்டுமே என்று தோன்றுகிறதாம், அது என்னவென்றுதான் பிடிபடவில்லையாம்.